ஆர்டிஆர் வைவா: ரேடியோ போன பிறகு செல்போன் எத்தனையாவது?

நேற்று மாலை ரிசல்ட் வந்தது. இரண்டாவது முயற்சியில் ஆர்டிஆர்-ஏ (பைலட்டுகளுக்கான ரேடியோ உரிமத் தேர்வு) பாஸ். பெங்களூர் அல்சூர் வீட்டில் அம்மா விளக்கேற்றிவிட்டு அழுதே விட்டார். முதல் முயற்சியில் என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு கேள்வி. அடுத்து வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) போகிறவர்களுக்காக அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ரேடியோவில் பேசிக் காட்டும் டிரான்ஸ்மிஷன் பகுதி இரண்டு முறையும் நன்றாகவே போனது, அதில் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை.

கேள்வி இதுதான் (ஜக்கூர் என்பது பெங்களூரிலுள்ள சிறு விமானத்தளம்): "ஜக்கூரிலிருந்து மைசூருக்கு செஸ்னா 172-இல் தனியாகப் போகிறீர்கள். ராமநகரம் தாண்டியதும் ரேடியோ போய்விட்டது. என்ன செய்வீர்கள்?"

"செல்போனை எடுத்து கன்ட்ரோல் டவரைக் கூப்பிடுவேன் சார்" என்றேன், யோசிக்காமல்.

"எந்த நம்பர்?"

தெரியவில்லை. "அந்த உயரத்தில் சிக்னல் நிற்குமா? நீங்கள் நம்பர் தேடும்போது விமானத்தை யார் ஓட்டுவார்கள்?" என்று அடுத்தடுத்து வந்தது. அதற்குப் பிறகு, ரேடியோ போய்விட்டது என்பதைக் குறிக்கும் 7600 என்ற எண்கூட என் வாயில் வரவில்லை.

பல நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். செல்போன் என்பது தப்பான பதில் இல்லை. முதலில் சொன்னதுதான் தப்பு. வைவாவில் அவர்கள் பார்ப்பது உங்கள் வரிசையை. இந்த ஒன்றை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டால் போதும் என்பேன்.

செல்போனை ஏன் நம்ப முடியாது என்று கேட்டால், காரணத்தோடு சொல்லுங்கள். செல்போன் டவர்களின் ஆன்டெனா தரையை நோக்கிச் சாய்ந்திருக்கும், வானத்துக்காக வைத்ததல்ல. மேலே போனால் ஒரே நேரத்தில் ஏராளமான டவர்கள் போனின் கண்ணில் படும். எதிலும் நிலையாக ஒட்டாமல் தாவிக்கொண்டே இருக்கும், கால் கட்டாகும். எஞ்சின் சத்தத்தில் எதிர்முனை பேசுவது கேட்காது. ப்ளூடூத் இணைப்புள்ள ஹெட்செட் இருந்தால் கொஞ்சம் பரவாயில்லை. கால் நிலைக்காத இடத்திலும் ஒரு குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்புண்டு. சட்டம் கேட்டால், விமானத்தில் கையடக்க மின்னணுச் சாதனங்களைக் கட்டுப்படுத்தும், இந்திய விமான விதிகளின் 29பி விதியைச் சொல்லிவிட்டு, அவசர நிலையில் பாதுகாப்புக்கான முடிவு பைலட்-இன்-கமாண்டுடையது (விமானத்துக்குப் பொறுப்பான பைலட்) என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாம் முறை நான் சொன்ன வரிசை:

முதலில் விமானத்தை ஓட்டு. உயரம், திசை, வேகம்.
ஹெட்செட் ப்ளக், வால்யூம், ஸ்க்வெல்ச் (இரைச்சலை அடக்கும் திருகு), எந்த காம் ரேடியோ தேர்வாகியிருக்கிறது, சர்க்யூட் பிரேக்கர். மைக் பட்டன் சிக்கியிருக்கிறதா? (இதை நிறையப் பேர் விடுகிறார்கள். சிக்கினால் அந்த அலைவரிசையில் மற்றவர்கள் பேச்சும் கெடும்.)
முந்தைய அலைவரிசை, இரண்டாவது ரேடியோ, அருகிலுள்ள வேறு நிலையம், அவசர அலைவரிசை 121.5.
டிரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) 7600.
'டிரான்ஸ்மிட்டிங் ப்ளைண்ட்' என்று தொடங்கி செய்தியை இரண்டு முறை.
வானிலை தெளிவாக இருந்தால் அப்படியே விஎம்சி-யில் (வெளியே கண்ணால் பார்த்துப் பறக்கக்கூடிய வானிலை) பறந்து, அருகில் தகுந்த ஏரோட்ரோமில் இறங்கு.
டவர் விளக்கைப் பார். நிலையான பச்சை: இறங்கலாம். நிலையான சிவப்பு: மற்ற விமானத்துக்கு வழிவிட்டு வட்டமிடு. மினுக்கும் சிவப்பு: இறங்காதே. பகலில் இறக்கையை ஆட்டிப் பதில் சொல்.

செல்போன் இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான். விமானம் நிலையாகப் பறக்கிறது, நம்பர் கையில் இருக்கிறது, முயன்று பார்ப்பதால் வேறெதுவும் கெடாது என்றால் மட்டும்.

ஆனால் செல்போனுக்கு உண்மையான இடம் ஒன்று இருக்கிறது. இறங்கிய பிறகு, வந்து சேர்ந்ததைக் கிடைக்கும் மிக விரைவான வழியில் ஏடிசி-க்கு (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) தெரிவிக்க வேண்டும் என்கிறது ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) அனெக்ஸ் 2. இன்றைக்கு அந்த விரைவான வழி பெரும்பாலும் நம் சட்டைப்பையில் இருக்கிற போன்தான். தெரிவிக்காவிட்டால் உங்களைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். இதைச் சொன்னபோது எக்ஸாமினர் முதன்முறையாகத் தலையசைத்தார். "நம்பர்?" என்று இந்த முறையும் கேட்டார். "கிளம்புவதற்கு முன்பே வழியிலுள்ள கன்ட்ரோல் டவர் நம்பர்களை, தொடையில் கட்டும் நீபோர்டு தாளில் எழுதிவைப்பேன் சார்" என்றேன். இதை வெறும் வைவா பதிலாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், நிஜமாகவே எழுதுங்கள். ஜக்கூர் பக்கம் வடக்கே கெம்பேகவுடா விமான நிலையம், பக்கத்திலேயே எலகங்கா விமானப்படைத் தளம், தெற்கே எச்ஏஎல். அங்கே குரலில்லாமல் திசைமாறிப் போக இடமே கிடையாது.

ஐஎம்சி (வெளியே தெரியாமல் கருவிகளை வைத்துப் பறக்கும் வானிலை) கேட்டால் ரேடார் உள்ள இடத்தில் 7 நிமிடம், இல்லாத இடத்தில் 20 நிமிடம் கடைசியாக ஒதுக்கிய வேகத்தையும் உயரத்தையும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். 7 நிமிடம் எந்த நொடியிலிருந்து ஆரம்பிக்கிறது என்பதையும் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு அதுவும் வந்தது.

அப்புறம், தனியாக உட்கார்ந்து படிக்காதீர்கள். முதல் முறை நான் அப்படித்தான் படித்தேன். எல்லாம் தெரிந்தது, வாயில் வரவில்லை. இரண்டாம் முறை தினமும் காலை ஆறு மணிக்கு நண்பனோடு அல்சூர் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலையிலிருந்து நடந்தபடியே கேள்வி பதில். அவன் கேட்பான், நான் சத்தமாகச் சொல்வேன், வரிசை மாறினால் முதலிலிருந்து. அவனுக்கு அடுத்த மாதம் வைவா. நாளையிலிருந்து கேட்பது நான்.