கம்பளிப் பையோடு கரிசலில் ஒரு நாள்

தாராபுரத்தில் இருக்கும் நாத்தனார் போன மாதம் ஒரு பை கொடுத்தனுப்பினார். பிரித்தால், கத்தரித்தபடியே அள்ளிப்போட்ட ஆட்டுமயிர். குரும்பை ஆடு, புத்தகங்களில் கோயம்புத்தூர் ஆடு என்று எழுதுகிறார்களே, அதுதான். தக்களியில் நூற்கப் பழகுகிறேன் என்று போனில் வாய்தவறிச் சொல்லியிருந்தேன்.

ஒரு கைப்பிடி எடுத்து வெந்நீரில் அலசினேன். மண், சருகு, பிசுக்கு எல்லாம் போய்ப் பாதிதான் மிஞ்சியது. விரலெல்லாம் எண்ணெய் தொட்ட மாதிரி வழவழப்பு, இரண்டு நாளைக்குப் போகவில்லை. ஆனால் முறுக்கினால் நூல் நின்றது! எங்கள் வீட்டில் இருக்கும் பதினான்கு ஆடுகளும் கீழக்கரிசல் இனம். கருஞ்சிவப்பு உடம்பு, தாடை, வயிறு, கால்களில் கறுப்பு. பார்க்க அழகு, எருவுக்கும் குறைவில்லை. ஆனால் அதன் மேல் இருப்பது குட்டை முடி, தக்களியில் பிடித்து இழுத்தால் வழுக்கி உதிரும். அதனால்தான் ஆசை வந்தது: கூடவே இரண்டு மூன்று குரும்பைப் பெட்டைகள் வாங்கிப் போட்டால் என்ன?

"முதல்ல நாலு பேரைக் கேளு" என்றார் வீட்டுக்காரர். சரி என்று ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பையை மடியில் வைத்துக்கொண்டு தம்பியின் பைக்கில் கிளம்பினேன்.

செவ்வாய் என்றால் திருநெல்வேலி மேலப்பாளையத்தில் ஆட்டுச் சந்தை. விடிவதற்குள் கூட்டம் கட்டிவிட்டது. தெரிந்த தரகர் ஒருவர் பைக்குள் கைவிட்டவர், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "என்னக்கா இது, நாய்க்குட்டியா?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு அவரே ஒரு கிடாயின் முதுகில் கட்டைவிரலை அழுத்திக் காட்டினார். தண்டெலும்பில் எவ்வளவு சதை ஏறியிருக்கிறது என்று அந்த ஒரு அழுத்தலில் தெரிந்துவிடும், அதை வைத்துத்தான் விலை. "உங்க கம்பளி ஆட்டுல விரலை எங்க வைக்க? மெத்தைக்கா விலை சொல்றது?" நான் யோசிக்காத விஷயம்.

அங்கிருந்து ராமையன்பட்டி. கால்நடை மருத்துவக் கல்லூரியில் எனக்குப் பழக்கமான டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கணக்கைப் பிரித்தார். குரும்பை இழை 40 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) அளவுக்குத் தடிப்பு. கம்பளத்துக்கும் தோளில் போடும் கம்பளிக்கும் ஆகும், கழுத்தில் சுற்றினால் அரிக்கும். தமிழ்நாட்டில் மென்மையான உரோமம் வேண்டுமென்றால் நீலகிரி ஆடுதான், அது 27 மைக்ரான் பக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உள்ளூர் ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் என்ற சீமை ஆடுகளெல்லாம் கலந்து உருவான இனம். ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவில் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. "அந்தக் குளிருல வளர்ந்ததைக் கொண்டாந்து நம்ம வெயில்ல கட்டுவீங்களா?" என்றார். குரும்பையில் வருஷத்துக்கு ஒரு கிலோ உரோமம் தேறாது. மெரினோவில் நாலைந்து கிலோ என்று எங்கோ படித்துவிட்டு நான் கண்ட கனவு அந்த டீயோடு ஆறிப்போனது.

அவர் பயந்தது வேறு இரண்டுக்கு. ஒன்று நீலநாக்கு நோய். வடகிழக்குப் பருவமழையில் கொசுவைவிடச் சின்னக் கடிப்பூச்சி பரப்புவது. புது ஆடு வாங்கிய கையோடு ஐப்பசி வந்தால் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரண்டாவது இனக்கலப்பு. ஒரே பட்டியில் விட்டால் பிறக்கும் குட்டி கீழக்கரிசலும் இல்லை, குரும்பையும் இல்லை. தனிக் கிடா, தனிப் பட்டி. அதாவது இரண்டு மூன்று பெட்டைகள் என்பது கடைசியில் இன்னொரு மந்தை.

கயத்தாற்றைத் தாண்டியதும் சீமைக்கருவேல முள் டயரில் ஏற, கோவில்பட்டி வரை தள்ளிக்கொண்டே போன கதை வேண்டாம். தம்பியைக் கடலைமிட்டாய் கொடுத்துத்தான் சமாதானம் செய்தேன். எட்டயபுரம் தாண்டி வெம்பூர் பக்கம் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. இப்போது தூத்துக்குடி மாவட்டம், 1986 வரை இதெல்லாம் திருநெல்வேலிதான்.

விதைப்புக்கு முன் உரத்துக்காக ஒரு புஞ்சையில் கிடை மறித்திருந்தார்கள், அதாவது எரு விழட்டும் என்று ஆடுகளை அங்கேயே அடைத்திருந்தார்கள். அத்தனையும் வெம்பூர் ஆடுகள். வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள், தொங்கும் காது. பொட்டு ஆடு என்றும் சொல்வார்கள். கிடைக்குச் சொந்தக்காரத் தாத்தா பையை வாங்கி முகர்ந்தார். முகம் சுளிக்கவில்லை.

"இந்தக் கம்பளிதான் தாயி அப்ப எங்க தோள்ல கெடக்கும். மழை வந்தா கொங்காணி, குளிருக்குக் கம்பளி."

"இந்த ஆட்டை இங்க வளர்க்கலாமா தாத்தா?"

கீழே குனிந்து ஒரு ஒட்டுப்புல்லைப் பிடுங்கிக் கம்பளியின் மேல் வைத்தார். இழுத்தார். வரவில்லை. இன்னும் இழுத்ததும் புல் அறுந்து, விதையெல்லாம் மயிரிலேயே தங்கிவிட்டது. பிறகு ஒரு வெம்பூர்ப் பெட்டையின் முதுகில் அதே புல்லைத் தேய்த்தார், உதிர்ந்து விழுந்தது.

"நனைஞ்ச கரிசல் செருப்பையே விடாது. கம்பளியில ஒட்டுன சேறு காயுறதுக்குள்ள ஆடு ஒண்ணொண்ணா உக்காந்திரும். நமக்கு ஆட்டு மேல இருக்கறதுல காசு இல்ல தாயி, கீழ விழுறதுலதான்."

பேசிக்கொண்டே பையிலிருந்து ஒரு கொத்து எடுத்துத் தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டினார். தக்களியும் இல்லை, ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழ நீளக் கயிறு. இரண்டாக மடித்து முறுக்கி, காலடியில் நின்ற குட்டியின் கழுத்தில் மணியைக் கோத்துக் கட்டிவிட்டார். ஒரு மாதமாக நான் நூற்றதில் ஒன்றுகூட அவ்வளவு சீராக வந்ததில்லை.

திரும்பும் வழியில் கோவில்பட்டியில் பைக்கை நிறுத்தி நாத்தனாருக்குப் போன் போட்டேன். கத்தரிக்கிற மயிரை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, வாங்க ஆள் இல்லை, தோப்பில் கொட்டிவிடுகிறோம் என்றார்.

"கொட்ட வேண்டாம் மதினி. ஒரு சாக்கு பஸ்ஸில் போட்டுவிடுங்க."

"அப்ப ஆடு வேண்டாமா?"

"வேண்டாம்."

முன்னால் உட்கார்ந்திருந்த தம்பி தலையைத் திருப்பி, ஒரு பை மயிருக்கே இந்த வீச்சம், சாக்கை எந்த அறையில் வைப்பாய் என்று கேட்டான். மாட்டுக்கொட்டிலில் இடம் இருக்கிறது என்றேன்.