பாதி மின்னோட்டம்: 16 பிட் கோர் நினைவகம் செய்து பார்த்த அனுபவம்

பழைய ரேடியோக்களைக் கட்டிப் பார்க்கிறவர்கள் நம்மூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அதே காலத்து இன்னொரு பொருளைப் பிடித்துக்கொண்டேன்: 1950களிலும் 60களிலும் கணிப்பொறிகளின் உள்ளே இருந்த ஃபெரைட் கோர் நினைவகம். ஃபெரைட் என்பது இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பீங்கான், கோர் என்பது அதில் செய்த வளையம். இதில் சிப் கிடையாது. பொடிக் காந்த வளையங்கள், அவற்றுக்குள் ஓடும் கம்பிகள், அவ்வளவுதான். வளையம் ஒரு சுற்றில் காந்தமாகியிருந்தால் 1, எதிர்ச் சுற்றில் இருந்தால் 0. நான் செய்தது 4×4, அதாவது 16 பிட்.

வளையம் தேடுவதுதான் முதல் பாடு. ரிச்சி தெருவில் ஃபெரைட் வளையம் கேட்டால் பவர் சப்ளையில் போடுகிற மெதுவடை சைஸ் டொராய்டை எடுத்துப் போடுகிறார்கள். அளவு ஒத்து வந்தாலும் அது உதவாது. சாதாரண ஃபெரைட், மின்னோட்டம் நின்றதும் காந்தத்தின் பெரும்பகுதியை விட்டுவிடும். நமக்கு வேண்டியது அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிற ரகம். கிழக்கு ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் தயாரித்து மிஞ்சிய வளையங்கள் இணையத்தில் விற்பனைக்கு வருகின்றன, ஒரு பொட்டலம் வரவழைத்தேன். வெளிவிட்டம் 1 மில்லிமீட்டர், துளை 0.7. மேஜையில் கொட்டினால் மின்விசிறியை அணைத்துவிட வேண்டும். கம்பி, மோட்டார் காயில் கட்டும் கடையில் வாங்கிய 38 கேஜ் எனாமல் வயர்.

கம்பி பின்னுகிற வேலை மெதுவாகத்தான் நகரும். இரட்டைப் பக்க ஒட்டுநாடா மேல் வளையங்களை நிறுத்தி, கிடைவரிசைக் கம்பிகளை முதலில் விட்டேன். செங்குத்துக் கம்பியை விடும்போதுதான் பொறுமை சோதிக்கப்படும். ஒவ்வொரு வளையமும் 45 டிகிரி சாய்ந்து நிற்க வேண்டும், அதிலும் அடுத்தடுத்த வளையங்கள் எதிரெதிர்ப் பக்கம் சாய வேண்டும். கம்பி நுனியில் சூப்பர் குளூ தடவிக் காயவிட்டால் ஊசி மாதிரி விறைத்துக்கொள்கிறது, லென்ஸ் விளக்கின் கீழே அதைக் கோத்துக்கொண்டே போகலாம். கடைசியாக, 16 வளையங்களையும் மூலைவாட்டில் ஊடுருவிப் போகும் ஒற்றைக் கம்பி. வாசிப்பது இதன் வழியாகத்தான், சென்ஸ் கம்பி என்பார்கள். சாய்வு மாறி மாறி வருவதால் இந்தக் கம்பியில் சேரும் வேண்டாத மின் சத்தம் ஜோடி ஜோடியாகக் கழிந்துவிடுகிறது. பின்னலின் அழகெல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எம்ஐடியில் வேர்ல்விண்ட் என்ற கணிப்பொறியைக் கட்டிக்கொண்டிருந்த ஜே ஃபாரஸ்டருக்கு, நினைவகமாக வைத்திருந்த மின்னியல் குழாய்கள் பெரிய தலைவலி. அடிக்கடி பழுதாகும். காந்த வளையத்தில் தகவலை வைக்கலாம் என்பதை ஹார்வர்டில் ஆன் வாங் என்பவரும் அதே காலத்தில் யோசித்திருந்தார். ஆனால் ஆயிரம் வளையத்துக்கு ஆயிரம் கம்பி இழுத்தால் யாருக்குக் கட்டுப்படியாகும்? ஃபாரஸ்டர் பிடித்த வழி, பாதி மின்னோட்டம். ஒரு கிடைக்கம்பியில் பாதி, ஒரு செங்குத்துக் கம்பியில் பாதி. இரண்டும் சந்திக்கிற வளையத்துக்கு மட்டும் முழு மின்னோட்டம் கிடைத்து, அதன் காந்தச் சுற்று எதிர்ப்பக்கம் புரளும், மற்றவை அசையாது. 32×32 தளத்தில் 1024 வளையங்களுக்கு 64 கம்பி போதும். 1953 ஆகஸ்டில் வேர்ல்விண்டில் இது ஏறியது, அப்புறம் இருபது வருஷத்துக்குக் கணிப்பொறி உலகமே இதன் மேல்தான் ஓடியது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் உருவான டிஃப்ராக் கணிப்பொறியிலும் கோர் நினைவகம்தான்.

இதைப் படிக்கும்போது எளிதாகத் தெரிந்தது. செய்தால்தான் இது எவ்வளவு துணிச்சலான ஏற்பாடு என்று புரிகிறது. பாதி மின்னோட்டத்தில் வளையம் துளியும் மசியக் கூடாது, முழு மின்னோட்டத்தில் முழுசாகப் புரள வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி குறுகலானது. என் வளையங்கள் சுமார் 600 மில்லி ஆம்பியரில் நன்றாகப் புரண்டன, எனவே கம்பிக்கு 300. இதையெல்லாம் இயக்குகிற அர்டுய்னோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையின் கால்களால் இவ்வளவு மின்னோட்டம் தர முடியாது. ஒவ்வொரு கம்பிக்கும் 2என்2222, 2என்2907 டிரான்சிஸ்டர் ஜோடி போட்டு இரண்டு திசையிலும் ஓட்டினேன்.

வாசிப்பது இன்னும் விசித்திரம். வளையத்தில் என்ன இருக்கிறது என்று நேரடியாகப் பார்க்க வழியில்லை. அதில் 0 எழுதிப் பார்க்க வேண்டும். முன்பு 1 இருந்திருந்தால் புரளும், சென்ஸ் கம்பியில் சில பத்து மில்லிவோல்ட் துடிப்பு வரும். 0 இருந்திருந்தால் ஒன்றும் வராது. படித்த மாத்திரத்தில் தகவல் அழிந்துவிடுவதால் உடனே திருப்பி எழுதியாக வேண்டும். மின் துடிப்பை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் இரண்டு மேடு தெரிகிறது: மின்னோட்டம் ஏறும் கணத்தில் பாதி மின்னோட்டம் வாங்கிய வளையங்களின் கூர்மையான சத்தம், கொஞ்சம் தள்ளி, மைக்ரோவினாடிக்கும் குறைவான இடைவெளியில், வளையம் புரளும் அகலமான மேடு. முதல் மேடு அடங்கும் வரை காத்திருந்து இரண்டாவதை மட்டும், மின்னழுத்தத்தை ஒப்பிட்டுச் சொல்லும் கம்பேரேட்டரிடம் கொடுத்தால் 1, 0 தெளிவாகப் பிரிகிறது.

சோதனைக்கு 'அ' எழுத்தை எடுத்துக்கொண்டேன். யூனிகோடில் அதன் எண் 2949. இரும எண்ணாக 0000101110000101, கச்சிதமாக 16 பிட். எழுதிவிட்டு மின்சாரத்தைப் பிடுங்கி, இரவு முழுக்க அப்படியே விட்டேன். காலையில் சொருகி வாசித்தால் 'அ' இருந்தது. மின்சாரம் போனாலும் மறக்காது என்று தெரிந்துதான் செய்தேன், இருந்தாலும் அர்டுய்னோ அனுப்புவதைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் எழுத்து வந்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். யாரும் அவ்வளவாக அசரவில்லை.

ஆனால் மத்தியானம் அதே தளம் தாறுமாறாக வாசித்தது. என் வேலை அறை மொட்டைமாடியில் இருக்கிறது, வெயில் ஏறினால் சூடு சொல்லி மாளாது. வெப்பம் கூடக் கூட ஃபெரைட்டைப் புரட்டத் தேவையான மின்னோட்டம் குறைகிறது. காலையில் 300 மில்லி ஆம்பியருக்கு அசையாமல் நின்ற வளையம், மத்தியானம் அதற்கே சிறுகச் சிறுக மசிகிறது. அந்தக் காலத்தில் இதே தொல்லைக்காக ஐபிஎம்மின் ஸ்ட்ரெட்ச் கணிப்பொறியில் கோர் அடுக்குகளை எண்ணெயில் மூழ்கவைத்து வெப்பநிலையைக் கட்டுக்குள் வைத்தார்கள். வேறு சில கணிப்பொறிகளில் வெப்பத்துக்கேற்ப மின்னோட்டத்தையே கூட்டிக் குறைத்தார்கள். எண்ணெய் நமக்குச் சரிப்படாது. கம்பிகளுக்கு மின்னழுத்தம் தரும் எல்எம்317 ரெகுலேட்டரின் கீழ் மின்தடைக்குப் பக்கவாட்டில், சூடானால் தடை குறைகிற ஒரு என்டிசி தெர்மிஸ்டரை இணைத்து, அதைத் தளத்தின் ஓரத்தில் ஒட்டிவிட்டேன். சூடானால் மின்னழுத்தம் தானாக இறங்கும், மின்னோட்டமும் இறங்கும். இப்போது மத்தியான வாசிப்பும் பெரும்பாலும் சரியாக வருகிறது, மூலையில் இருக்கும் ஒரு வளையம் மட்டும் அவ்வப்போது முரண்டு பிடிக்கிறது. விரிசல் இருக்குமோ என்று சந்தேகம். அதை மாற்ற வேண்டுமானால் மூன்று கம்பிகளையும் உருவியாக வேண்டும், அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

செய்து பார்க்க நினைப்பவர்கள் தளத்தைப் பின்ன உட்காரும் முன், ஒரே ஒரு வளையத்தில் இரண்டு கம்பி விட்டு, எத்தனை மில்லி ஆம்பியரில் புரள்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. எல்லாப் பின்னலும் அந்த இரண்டு எண்களை நம்பித்தான்.