நாளைக்கே போகச் சொல்லலாம்

கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் ஒரு சின்ன கூரியர் நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஜனவரி வந்தால் வரிப் படிவங்களை அச்சடித்துக் கொடுப்பதும் என் பொறுப்பு. ஆபீஸில் இருந்த ஆறு பேருக்கு டபிள்யூ-2, அது ஊழியருக்கானது. வண்டி ஓட்டும் பதினான்கு பேருக்கு 1099; அது தனி ஒப்பந்தக்காரருக்கானது.

2019 ஜனவரியில் அந்தத் தாளை வாங்கிய ஒரு டிரைவர் என் மேசை அருகிலேயே நின்றுவிட்டார். மதுரைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். “ஏம்மா, உன்னையும் நாளைக்கே போகச் சொல்லலாம், என்னையும் நாளைக்கே போகச் சொல்லலாம். அப்புறம் எதுக்கு ரெண்டு தாள்?”

அவர் சொன்னது உண்மைதான். நாங்கள் ஆபீஸ்காரர்கள் எல்லோரும் ‘அட்-வில்’ ஊழியர்கள். இனம், மதம் பார்த்தோ, சம்பள பாக்கி கேட்டதற்காகவோ நீக்கக் கூடாது. மற்றபடி காரணமே சொல்லாமல் அனுப்பிவிடலாம். “வரிதாண்ணே வித்தியாசம்” என்றேன். சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்துக்கும், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் என் சம்பளத்தில் 7.65 சதவீதம் பிடிப்பார்கள், அதே அளவை நிறுவனமும் கட்டும். அவரோ 15.3 சதவீதத்தையும் தானே கட்ட வேண்டும். தலையாட்டிவிட்டுப் போனார்.

மார்ச்சில் ஒரு கனமான பெட்டியை இறக்கும்போது அவருக்கு முதுகெலும்பில் டிஸ்க் விலகிவிட்டது. வேலையில் அடிபட்ட ஊழியருக்கு வைத்தியச் செலவையும் சம்பளத்தில் ஒரு பகுதியையும் தரும் காப்பீடு இங்கே உண்டு. “நீங்கள் ஒப்பந்தக்காரர், அது உங்களுக்குக் கிடையாது” என்று நிறுவனம் சொல்லிவிட்டது. அந்த 1099-ஐ அடித்தது நான். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அப்போதுதான் பொரெல்லோ வழக்கைப் படித்தேன். எங்களுக்குத் தெற்கே, பூண்டுக்குப் பேர்போன கில்ராயில் வெள்ளரி பறித்தவர்களின் வழக்கு. ‘பங்கு விவசாயிகள்’ என்று அச்சடித்த ஒப்பந்தத்தில் அவர்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கேள்வி இதே காப்பீடுதான். 1989-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்தப் பெயரை ஏற்கவில்லை. வேலை யார் பிடியில் நடக்கிறது, தொழில் யாருடையது என்று பார்த்து, அவர்கள் ஊழியர்களே என்றது.

தீர்ப்பில் ஓர் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காரணமில்லாமல் ஒருவரை நீக்கும் உரிமை முதலாளிக்கு இருந்தால், அவர் ஊழியர் என்பதற்கு அதுவே வலுவான சான்று. அண்ணன் ஜனவரியில் கேட்டது கேள்வியே இல்லை, பதில்! நிஜமான ஒப்பந்தக்காரர் ஒரு வேலையை முடித்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டவர். பாதியில் அனுப்பினால் ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும். இவருக்கோ காலை ஏழு மணிக்கு ஆஜர், நிறுவனம் கொடுத்த ரூட், நிறுவனத்தின் பெயர் போட்ட சட்டை. பிடிக்காவிட்டால் மறுநாள் ரூட் கிடையாது.

2018 ஏப்ரலில் டைனமெக்ஸ் என்ற கூரியர் நிறுவனத்தின் டிரைவர்கள் வழக்கில் அதே நீதிமன்றம், குறைந்தபட்ச ஊதியம், ஓவர்டைம் விஷயங்களில் இன்னும் கறாரான சோதனையைக் கொண்டுவந்திருந்தது. அவர் செய்யும் வேலை நிறுவனத்தின் வழக்கமான தொழிலுக்கு வெளியே உள்ளதா என்பது அதில் ஒரு கேள்வி. கடையில் குழாய் ஒழுகினால் வந்து சரிசெய்கிற பிளம்பர் வெளியாள். துணி நிறுவனத்துக்காக வீட்டிலிருந்து தைப்பவர் அப்படியல்ல. கூரியர் நிறுவனத்தில் பார்சல் கொண்டுபோகிறவர் இந்த இருவரில் யாரைப் போல?

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். போனில் இருந்த ரூட் மெசேஜ்கள் எதையும் அழிக்க வேண்டாம் என்றும், தொழிலாளர் வழக்கறிஞர் ஒருவரை உடனே பார்க்கச் சொல்லியும் கேட்டுக்கொண்டேன். அவரால் உட்கார முடியவில்லை. சுவரைப் பிடித்தபடி நின்றே கேட்டார். “இத ஜனவரியிலயே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார், கோபமில்லாமல். எனக்கு அப்போது தெரியாது என்று சொன்னேன். படிவத்தை அடிப்பவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?