பாப்பாவின் பால் டம்ளர்

ஜூன் 3, திங்கள்
பாப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஹீமோகுளோபின் பரவாயில்லை. வைட்டமின் பி12 குறைவு. "தினமும் புளித்த மாவு இட்லிதானே கொடுக்கிறோம், டாக்டர்?" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் சிரிக்கவில்லை. பி12-ஐ உண்டாக்குவது பாக்டீரியா. நமக்கு அது மாடு வழியாகப் பாலில் வந்துகொண்டிருந்தது. இட்லி மாவை அதற்கு நம்ப முடியாது, மருந்தாகத்தான் கொடுக்க வேண்டும் என்றார்.

பால், தயிர்கூடச் சேர்க்காத நனிசைவத்துக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. நாங்கள் இருவரும் மாத்திரை போடுகிறோம். ஐந்து வயதுக்காரிக்கும் வேண்டும் என்று தோன்றவே இல்லை. இரவு தூக்கம் வரவில்லை.

ஜூன் 4, செவ்வாய்
"ஒரு டம்ளர் பால் குடுத்தா முடிஞ்சுது. இதுக்குப் போய் மருந்தா?" என்றார் அத்தை. நான் வாயைத் திறக்கவில்லை. சொட்டு மருந்து பாப்பாவுக்குப் பிடித்திருக்கிறது. இன்னும் கேட்கிறாள்.

ஜூன் 8, சனி
இன்று கால்சியம் கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரைப்படி 4-6 வயதுக்கு ஒரு நாளைக்கு 550 மி.கி. கேழ்வரகு 50 கிராமில் சுமார் 180. எள் 10 கிராமில் நூறுக்கு மேல். கால்சியம் சேர்த்த சோயா பால் ஒரு டம்ளரில் 240 என்று பெட்டியில் போட்டிருக்கிறது. மீதிக்குக் கீரை. ஆனால் பசலை உதவாது, அதிலிருக்கும் ஆக்சலேட் கால்சியத்தை உடம்பில் சேரவிடாது. முருங்கைக்கீரை போட்டேன். ஒவ்வொரு இலையாகப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக ஒட்டிவைத்தாள். சரி, நாளை முதல் அடை மாவில் அரைத்துவிட வேண்டியதுதான்.

இதுவரை வாங்கிய பாதாம் பாலை நினைத்தால் வயிறு எரிகிறது. டம்ளருக்கு ஒரு கிராம் புரதம்கூடத் தேறாது. விலை மட்டும் பசும்பாலைப் போலப் பல மடங்கு.

ஜூன் 13, வியாழன்
சோயா பால் பெட்டி காலி. கழுவிப் போடலாம் என்று வெட்டினால், அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அதுதான் கால்சியம்! ஐந்து நாளாகக் குலுக்காமலே ஊற்றியிருக்கிறேன். 240-ல் பாப்பாவின் வயிற்றுக்குப் போனது எவ்வளவோ.

ஜூன் 16, ஞாயிறு
அயோடின் சேர்க்காத இந்துப்பை எடுத்து வைத்துவிட்டு அயோடின் உப்புக்கு மாறியாயிற்று. சாம்பாருக்கு எலுமிச்சை பிழிகிறேன், பருப்பின் இரும்புச்சத்து சேர.

மாலையில் அத்தை எள்ளும் வெல்லமும் இடித்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவே இல்லை. "நாளைக்கு எத்தனை குடுக்கணும்? உன் கணக்குச் சீட்டுல பார்த்துச் சொல்லு" என்றார். அதற்குள் பாப்பா மூன்றாவதைக் கடித்துக்கொண்டிருந்தாள்.