சொந்த மைதானத்துக்கு எழுபது மைல்

2007-08 சீசன் முழுக்க ஸ்காட்லாந்தின் கிரெட்னா கால்பந்து அணியின் 'உள்ளூர்' ஆட்டங்களுக்கு நான் ரயிலேறித்தான் போனேன். அப்போது எனக்கு இங்கிலாந்தின் கார்லைலில் வேலை. எல்லையைத் தாண்டினால் கிரெட்னா, பத்து மைல்கூட இல்லை. ஓடிப்போய்க் கல்யாணம் செய்கிற ஜோடிகளால் பேர்போன வட்டாரம். ஊரில் மொத்தமே மூவாயிரம் பேர்தான் இருப்பார்கள்.

அந்த ஊர் அணிக்குப் பணம் போட்டவர் புரூக்ஸ் மைல்சன். காப்பீட்டில் சம்பாதித்தவர், குடுமி வைத்தவர், ஓயாமல் புகைப்பவர். கிரெட்னாவுக்கு மட்டுமல்ல, வட இங்கிலாந்தின் குட்டி அணிகள் ஆடும் நார்தர்ன் லீக்குக்கே அவருடைய நிறுவனம்தான் ஸ்பான்சர். அவர் தயவில் கிரெட்னா 2005, 2006, 2007 என்று கீழிருந்து மேலாக வரிசையாக மூன்று டிவிஷன்களை ஜெயித்தது. 2006 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டத்தில் ஹார்ட்ஸ் அணியிடம் பெனால்டியில்தான் தோற்றோம். ஹாம்டன் மைதானத்தில் அன்று ஐம்பதாயிரம் பேருக்கு மேல். ஊர் கூடி இழுக்க வேண்டிய தேரை ஒருத்தரே இழுக்கிறார் என்பது அன்றைக்கு யாருக்கு உறைத்தது? எனக்கு உறைக்கவில்லை.

ஸ்காட்லாந்தின் உச்ச டிவிஷனான பிரீமியர் லீக்குக்கு வந்ததும் சிக்கல். 6,000 இருக்கைகள் வேண்டும் என்பது விதி. எங்கள் மைதானமான ரேடேல் பார்க்கில் அது இல்லை. ஆகவே எழுபது மைல் தள்ளி, மதர்வெல் அணியின் ஃபிர் பார்க் மைதானத்தில் வாடகைக் குடித்தனம். சனிக்கிழமை காலையில் சாண்ட்விச் கட்டிக்கொண்டு ரயில், அப்புறம் நடை, பெரும்பாலும் தோல்வி, திரும்ப ரயில். ஆறு மாதத்தில் வீட்டில் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

2008 பிப்ரவரியில் மைல்சன் உடம்பு முடியாமல் படுத்தார். பணம் நின்றது. மார்ச்சில் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது, 10 புள்ளிகள் பறிபோயின, ஆட்டக்காரர்கள் பலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏப்ரலில் இன்வர்னஸ் அணியுடன் ஆடியபோது வந்தவர்கள் 431 பேர். கோல்கீப்பர் தடுப்பாட்டக்காரரைத் திட்டுவது கேலரியில் தெளிவாகக் கேட்டது. டீ வாங்கப் போனால் எனக்கு முன்னால் ஆளே இல்லை.

மே மாதம் கடைசி ஆட்டம், அதே ஹார்ட்ஸுடன். கடைசி நேரத்தில் கேவின் ஸ்கெல்டன் கோல் போட்டு 1-0 என்று ஜெயித்தோம். கோப்பை இறுதியில் அவர் அடித்த பெனால்டி குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியதை மறக்க முடியுமா? பக்கத்திலிருந்த பெரியவர் சிரித்தார், அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்தக் கோடையில் கிளப்பை மூடிவிட்டார்கள். நவம்பரில் மைல்சனும் போய்விட்டார். ரசிகர்கள் சேர்ந்து 'கிரெட்னா 2008' என்று புதிதாக ஆரம்பித்தார்கள். முதலில் ஆடியது பக்கத்து அன்னன் ஊரில். நான் போன அன்று ஒரு பையன் பிளாஸ்டிக் வாளியோடு வசூலுக்கு வந்தான். பையில் இருந்த சில்லறையைப் போட்டேன், மூன்று பவுண்டு சொச்சம்.