அத்தையின் பாதங்கள்

பெரிய வியாழன் அன்று புதுச்சேரி சம்பா கோவிலில், இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூரும் பாதம் கழுவும் சடங்கைச் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன். 1791இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பழைய ஆலயத்தில், குருவானவர் மண்டியிட்டுப் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவித் துடைப்பார். ஆனால் அதன் பொருள் எனக்கு விளங்கியது எங்கள் வீட்டுக் குளியலறையில்தான்.

அத்தைக்கு நீண்ட நாள் சர்க்கரை நோய். பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது, முள் குத்தினாலும் தெரியாது. தினமும் இரவில் வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் ஒற்றி எடுத்து, புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீரின் சூட்டை முதலில் என் முழங்கையால் பார்த்துவிடுவேன். முதல் சில மாதங்கள் முகம் சுளித்துக்கொண்டேதான் செய்தேன். ஆண்டவரே, அதை மன்னியும்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். எரிவாயு அடுப்பில் பெரிய பானை நிறையக் கஞ்சி வைத்தோம். கணவரும் மகனும் தூக்குவாளிகளில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று யாரும் கேட்கவில்லை. கட்டிலில் இருந்தபடியே அத்தை செபமாலை சொன்னார். அதுவும் வேலைதான், நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

நேற்றிரவு எனக்குக் காய்ச்சல். எழுந்து பார்த்தால், பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் பாட்டியின் காலடியில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் வாளி. முழங்கையை நீரில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.