நிறுத்தத் தெரிந்த டிரைவர்

மெமரி பரிமாற்றத்துக்கு டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) எழுதுகிறேன் என்றால், "ஒரு இடத்துல இருக்குறத இன்னொரு இடத்துல காப்பி பண்றதுக்கா மாப்ள மாசக்கணக்கா உக்காந்திருக்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உண்மையில் காப்பி பண்ணும் வேலை எங்களுடையதே இல்லை. அதை டிஎம்ஏ என்கிற, சிபியுவைத் தொந்தரவு செய்யாமல் டேட்டாவை நகர்த்தும் தனி வன்பொருள் பார்த்துக்கொள்ளும். மதுரை கீழமாரட் வீதி வெங்காய மண்டியில் முதலாளியா மூட்டை தூக்குகிறார்? எங்கிருந்து, எங்கே, எத்தனை மூட்டை என்று சொல்லிவிட்டு அவர் கணக்கு நோட்டைப் பார்ப்பார். வேலை முடிந்ததும் லோடுமேன் வந்து சொல்வார். சிபியு அந்த முதலாளி. முடிந்தது என்று வந்து சொல்வதுதான் இன்டரப்ட்.

சிக்கல் முழுக்க நடுவில் இருக்கும் அந்த நேரத்தில்தான். அப்போது அந்த மெமரி யாருக்குச் சொந்தம்?

லினக்ஸின் மையமான கர்னலில் இதற்கென்று இருக்கும் டிஎம்ஏ இன்ஜின் என்கிற பகுதி 2006-இல், 2.6.18 பதிப்போடு வந்தது. முதலில் இன்டெல் சர்வர்களில் நெட்வொர்க் டேட்டாவை நகர்த்தத்தான். இன்று சீரியல் போர்ட், எஸ்பிஐ (சிப்புகளை இணைக்கும் SPI), ஆடியோ என்று சின்ன போர்டுகளில்தான் அதற்கு அதிக வேலை. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: சப்மிட் பண்ணினால் வேலை வரிசையில் நிற்கும், அவ்வளவுதான், இஷ்யூ பெண்டிங் என்று சொன்னால்தான் ஓடத் தொடங்கும். எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும். பல வேலைகளைக் கோத்துவிட்டு ஒரே தட்டில் கிளப்பிவிடலாம்.

கே.புதூரில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்துக்கு ஒரு முறை கார்டெக்ஸ் ஏ53 (ARM வகை சிபியு) போர்டு ஒன்று வந்தது. சென்சார் அளவுகளில் எப்போதாவது முதல் சில பைட்டுகள் மட்டும் பழையதாக இருக்கும். "ஒயர் லூசா இருக்குமோண்ணே?" என்றான் உடன் வேலை பார்க்கும் தம்பி. ஒயர் லூசாக இருந்தால் குப்பை வரும். போன முறை வந்த அதே எண்கள் அச்சுப் பிசகாமல் வராது. கூட வந்த கோடைத் திறந்தால், ஒரே ஸ்ட்ரக்சருக்குள் (ஒன்றாகச் சேர்த்துவைத்த மெமரித் துண்டுக்குள்) ஒரு கவுன்டர், அதை ஒட்டியே டேட்டா வாங்கும் இடமான பஃபர். சிபியு தன் பக்கத்திலேயே வைத்திருக்கும் வேகமான மெமரிதான் கேஷ்; அது லைன் லைனாகத்தான் எடுத்துவைக்கும். அந்தச் சிப்பில் ஒரு கேஷ் லைன் 64 பைட். கவுன்டரும் பஃபரின் தலைப்பகுதியும் ஒரே லைனில் உட்கார்ந்திருந்தன. பரிமாற்றம் நடக்கும்போதே சிபியு கவுன்டரைக் கூட்டுகிறது. அந்த லைன் முழுசாக மெமரிக்குத் திரும்பும்போது, வன்பொருள் எழுதிவைத்த புது டேட்டாவின் மேல் கேஷில் இருந்த பழைய பைட்டுகள் ஏறிவிடுகின்றன. பஃபரை மட்டும் கேமல்லாக்கில் (மெமரி ஒதுக்கித் தரும் கர்னல் ஃபங்ஷன்) தனியாக வாங்கியதும் சரியாகிவிட்டது. பிசி உலகத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. பிசிகளில் இருக்கும் எக்ஸ்86 சிப்புகளில் கேஷையும் டிஎம்ஏவையும் வன்பொருளே ஒத்துப்போக வைத்துவிடும்.

ஆனாலும் இதைவிட எனக்குப் பயம் தருவது நிறுத்தும் இடம்தான். தொடங்குவதை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். பாதி ஓடும்போது பயனர் ஃபைலை மூடிவிடுகிறார் என்று வையுங்கள். பரிமாற்றம் ஓடும் டிஎம்ஏ சேனலை நிறுத்தச் சொல்லி, வன்பொருளுக்குக் கட்டளை தரும் ரெஜிஸ்டரில் எழுதியாயிற்று. ஆனால் வன்பொருளுக்குள் வரிசையில் நிற்கும் ஃபிஃபோவில் இருக்கும் கடைசி பைட்டுகள் இன்னும் போய்க்கொண்டிருக்கலாம். அதற்குள் சிபியுவின் இன்னொரு கோரில் 'வேலை முடிந்தது' என்கிற கால்பேக் (வேலை முடிந்ததும் கூப்பிடப்படும் எங்கள் ஃபங்ஷன்) ஓடத் தொடங்கியிருக்கலாம். அந்த நேரத்தில் பஃபரை விடுவித்தால், இல்லாத மெமரியில் டிஎம்ஏவோ கால்பேக்கோ கை வைக்கும். ஆயிரத்தில் ஒரு முறை கவிழும், யாராலும் திரும்ப வரவழைக்க முடியாது. 2016-இல் வந்த 4.5 கர்னலில் இதை இரண்டாகப் பிரித்தார்கள். உடனே நிறுத்தச் சொல்லிவிட்டு வந்துவிடும் டெர்மினேட் அசிங்க் ஒன்று. ஓடும் கால்பேக் முடியும்வரை காத்திருக்கும் சிங்க்ரனைஸ் இன்னொன்று. முதலாவதை இன்டரப்டுக்குள்ளிருந்தும் கூப்பிடலாம். இரண்டாவது தூங்கக்கூடியது (சிபியுவை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கும்), அங்கே கூப்பிடக் கூடாது. மெமரியை விடுவிப்பது இரண்டாவதற்குப் பிறகுதான்.

அதனால் எங்கள் அலுவலகத்தில் புது டிரைவர் என்றால் வெள்ளைப்பலகையில் முதலில் வரைவது நிறுத்தும் பாதையைத்தான். எந்த லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) பிடித்துக்கொண்டு காத்திருக்கிறோம், கால்பேக்கும் அதே லாக்கைக் கேட்டு இரண்டும் ஒன்றுக்கொன்று காத்து நின்றுவிடுமா என்பதற்கே ஒரு மதியம் போய்விடும். பிறகு பரிமாற்றத்தைச் சோதிக்கும் டிஎம்ஏடெஸ்ட் மாட்யூலை இரவெல்லாம் ஓடவிட்டு, தவறுகளைக் கண்காணிக்கும் டிஎம்ஏ ஏபிஐ டீபக்கையும் போட்டுவைப்போம். டிஎம்ஏவுக்காக மேப் பண்ணி ஒப்படைத்த மெமரியை அன்மேப் பண்ண மறந்திருந்தால், அந்த டீபக் கர்னல் பதிவேட்டில் காட்டிக்கொடுத்துவிடும். புதூரில் இரவில் கரண்ட் போனால் சோதனை முதலிலிருந்து. யுபிஎஸ்ஸை மாற்றச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.